தெசலோனிகி: எரிந்த ஊரும் எரியாத ஊரும்

நாள் 1: கடற்கரை

வடக்குக் கிரேக்கத்தின் தெசலோனிகியில் வழி தவறுவது கடினம். ஊர் மொத்தமும் கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது. தெரு இறங்கினால் கடல், ஏறினால் கோட்டை. கடலுக்கு இணையாக ஓடும் தெருக்களின் வரிசையை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் போதும். நீரோரத்தில் நிகிஸ், அடுத்து மித்ரோபோலியோஸ், பிறகு துணிக்கடைகள் நிறைந்த சிமிஸ்கி, பேருந்துகள் ஓடும் எக்னாதியா, அதற்கு மேலே ஆயியூ திமித்ரியூ, மேட்டின் தொடக்கத்தில் ஒலிம்பியாடோஸ். ஊர்க்காரர்களும் எக்னாதியாவுக்கு மேலே, கீழே என்றுதான் வழி சொல்கிறார்கள்.

மாசிடோனிய அரசன் கசாண்டர் கி.மு. 315இல் சுற்றுக் கிராமங்களை ஒன்றுசேர்த்து இந்தத் துறைமுக நகரை அமைத்து, தன் மனைவியின் பெயரை வைத்தான். அவள் மகா அலெக்சாந்தரின் மாற்றாந்தாய்ச் சகோதரி. தமிழ் பைபிள் வாசிப்பவர்களுக்கு ஊர் ஏற்கெனவே பழக்கம்: பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்களும் இங்கே வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டவை.

ஆனால் இன்றைய ஊரைப் புரிந்துகொள்ள கி.மு. 315ஐ விட 1917 முக்கியம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 18, சனிக்கிழமை, ஒலிம்பியாடோஸ் தெருவில் அகதிகள் தங்கியிருந்த ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து பொறி பறந்து பக்கத்தில் கிடந்த வைக்கோலில் விழுந்தது. வார்தாரிஸ் என்னும் வடக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அணைக்கத் தண்ணீர் போதவில்லை. தீ சரிவில் கடல்வரை இறங்கி, 32 மணி நேரம் எரிந்து, சுமார் ஒரு சதுர கிலோமீட்டரையும் 9,500 வீடுகளையும் தின்றது. 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். பிரதமர் வெனிசெலோஸின் அரசு, பழையபடி கட்டிக்கொள்ள எவருக்கும் அனுமதி தரவில்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் எப்ரார் முதலானோரை அழைத்துப் புதிய நகரத் திட்டம் வரையச் சொன்னது. ஒலிம்பியாடோஸுக்குக் கீழே நேரான அகலத் தெருக்களும் மேலே வளைந்து நெளியும் சந்துகளும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்தப் பயணத்தின் வரிசையையும் அதை வைத்தே அமைத்திருக்கிறோம்.

முதல் நாளுக்கு நடை மட்டும். வெள்ளைக் கோபுரத்தை மதியத்தில் பார்க்க வேண்டாம்; திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. உயரம் 33.9 மீட்டர், விட்டம் 22.7 மீட்டர். மேலே ஏற ஒரே சுழல்வழிதான், சுவரின் தடிப்புக்குள்ளேயே வளைந்து போகிறது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதிலேயே சந்திப்பதால் கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு தளத்திலும் நின்று காத்திருக்க வேண்டியதுதான். உள்ளே ஊரின் வரலாற்றுக் காட்சி இருக்கிறது. கீழே தரும் ஒலிவழிகாட்டியை வாங்கிக்கொள்ளாமல் ஏறினால் பாதி விளங்காது. 1430இல் ஊரைப் பிடித்த உஸ்மானியத் துருக்கியர், பழைய கடல்மதிலின் மூலையில் கட்டியது இது. பிறகு சிறையாகி, 1826இல் சுல்தானின் ஜானிசரிப் படைவீரர்கள் இங்கே கொல்லப்பட்டபின் இரத்தக் கோபுரம் என்று பெயர் பெற்றது. 1890ஐ ஒட்டி ஒரு கைதி தன் விடுதலைக்கு ஈடாக அதற்குச் சுண்ணாம்பு அடித்ததாகச் சொல்கிறார்கள். இன்று வெள்ளை போய்க் கல்லின் மங்கல் நிறமே இருக்கிறது. வெள்ளையை எதிர்பார்த்துத் தேட வேண்டாம்.

கோபுரத்துக்குக் கிழக்கே புதிய கடற்கரை நடைபாதை, இசை அரங்கம்வரை சுமார் 3.5 கிலோமீட்டர். அலெக்சாந்தரின் குதிரைச் சிலை, அதைத் தாண்டி சொங்கோலோபுலோஸ் 1997இல் செய்த உலோகக் குடைகள். குடைகளைப் படம் எடுக்கச் சூரியன் மறைந்து கால் மணி கழிந்த நேரம்தான் சரி, அப்போது வானமும் நீரும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். நடைபாதையில் சைக்கிளுக்குத் தனித் தடம் உண்டு. அதில் நின்று படம் எடுப்பவர்கள்தான் இங்கே அடிபடுகிறார்கள்.

மேற்கே துறைமுகம்வரை போவது பழைய கடற்கரை. இங்கே தடுப்புக் கம்பி கிடையாது, தளம் முடிந்த இடத்தில் தண்ணீர். குழந்தைகளோடு போனால் கட்டடப் பக்கமாகவே நடக்க வேண்டும். வார்தாரிஸ் அடித்து ஓய்ந்த மறுநாள் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை தெளிவாகத் தெரியும். கோடைப் புகைமூட்டத்தில் பல நாள் தெரியவே தெரியாது. குளிர்காலத்தில் அந்தத் தெளிவுக்கு விலை உண்டு: காற்று காதைப் பிய்க்கும்.

பாதி வழியில் அரிஸ்தோதெலூஸ் சதுக்கம். எப்ராரின் திட்டத்துக்கு இதுவே முகம். வளைந்த முகப்புகளோடு இருபுறமும் ஒரே மாதிரி எழும் கட்டடங்கள், அடியில் வளைவுத் தாழ்வாரம், நடுவில் கடலிலிருந்து மேட்டை நோக்கி ஏறும் அகலமான வீதி. சதுக்கத்தில் அரிஸ்டாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கால் பெருவிரலை மாணவர்கள் தேய்த்துத் தேய்த்து அது மட்டும் பளபளக்கிறது. அந்த வீதி மேலே எங்கே போய் முட்டுகிறது என்பது மூன்றாம் நாளுக்கு.

நாள் 2: கலேரியஸின் ஊர்

இன்று பார்ப்பவை தீக்கு எல்லையில் தப்பியவை. ரோமப் பேரரசை நால்வர் பங்கிட்டு ஆண்ட காலத்தில் அவர்களில் ஒருவரான கலேரியஸ் இங்கே அரண்மனை கட்டினார். அரண்மனை, வெற்றி வளைவு, ரொதோந்தா மூன்றும் கடலிலிருந்து மேலே ஒரே கோட்டில் வருகின்றன. கீழிருந்து மேலே நடந்தால் அமைப்பு புரியும். மெட்ரோவில் வந்தால் சிந்திரிவானி நிலையம். அங்கிருந்து சில நிமிட நடை.

நவாரினூ சதுக்கத்தில் அரண்மனையின் அடித்தளங்கள் வீடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கின்றன. சுற்றுவேலிக்கு வெளியே நின்றே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். பக்கத்தில் இப்போட்ரோமியூ சதுக்கம் இருக்கும் இடத்தில்தான் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. கி.பி. 390இல் பேரரசர் தியோடோசியஸின் ஆணையால் ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் அங்கே வெட்டப்பட்டார்கள். இன்று அடுக்குமாடிகள் மட்டுமே, பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

கமாரா என்று ஊர்க்காரர்கள் அழைக்கும் வெற்றி வளைவுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். பலர் நண்பர்களைச் சந்திக்கும் இடமாகப் பயன்படுத்துகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. எட்டுத் தூண்களோடு எழுந்த கட்டுமானத்தில் இன்று நிற்பது மூன்று. உள்ளே செங்கல்லும் கல்லும், வெளியே பளிங்குப் பலகைகள். அந்தப் பலகைகளில்தான் பாரசீக அரசன் நர்சேயின் மீது கலேரியஸ் பெற்ற வெற்றி அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கு நேரான உயரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடுக்காக மேலே போங்கள். குதிரைமீது பாய்ந்து வரும் கலேரியஸ், காலடியில் விழுந்து கிடக்கும் பாரசீகர், யானைகள். ஒரு பலகையில் பலிபீடத்தின் இருபுறமும் இரண்டு பேரரசர்கள்: ஒருவர் தியோக்லேசியன், மற்றவர் கலேரியஸ். முகங்கள் சிதைக்கப்பட்டிருக்கின்றன. உடையை வைத்து அடையாளம் காணலாம், படை உடையில் இருப்பவர் கலேரியஸ். நடுப்பகலில் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுவதால் சிற்பங்கள் தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் பார்த்தால்தான் உருவங்கள் எழுந்து நிற்கும். கைத்தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

வளைவிலிருந்து மேலே நடந்தால் ரொதோந்தா. வட்டக் கட்டடம். சுவரின் தடிப்பு 6.3 மீட்டர், உள்விட்டம் 24.5 மீட்டர். கி.பி. 306ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கோயிலா, கலேரியஸின் கல்லறையா என்ற வாதம் ஓயவில்லை. பிறகு தேவாலயமானது, 1590-91இல் மசூதியானது, 1912இல் கிரேக்கர் கைக்கு வந்தது. பக்கத்தில் நிற்கும் மினார் அந்த நடுக்காலத்தின் சாட்சி. 1978 நிலநடுக்கத்தில் கட்டடம் பலமாக விரிசல் கண்டது. பழுதுபார்க்கும் சாரங்கள் பல பத்தாண்டுகள் உள்ளே நின்றன. அவை எல்லாம் அகன்று முழுவதுமாகத் திறந்தது 2015இல்தான். பழைய பயணக் குறிப்புகளில் கம்பிக்காடாக இருக்கும் படங்களைப் பார்த்துத் தவிர்த்துவிடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. வெயிலிலிருந்து வந்த கண் பழகச் சில நிமிடம் ஆகும். பலர் அதற்குள் வெளியே போய்விடுகிறார்கள். சுவரோர இருக்கை எதிலாவது உட்கார்ந்து கும்மட்டத்தின் விளிம்பை மட்டும் பாருங்கள். பொன் பின்னணியில் மாடங்களும் தூண்களும் திரைச்சீலைகளும் கொண்ட மாளிகை முகப்புகள், அவற்றின் முன் கைகளை விரித்து வேண்டும் புனிதர்கள். மொசைக்கில் ஒவ்வொரு முகமும் தனி மனிதரின் முகம். வளைவிடுக்குகளின் அடிப்பகுதியில் பறவைகளும் பழங்களும் உண்டு, அவை கைக்கெட்டும் தூரத்துக்கு அருகில் இருப்பதால் கண்ணாடிச் சில்லுகள் எப்படிச் சற்றே சாய்த்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்கலாம். ஒளி அலையலையாக மின்னுவது அந்தச் சாய்வினால்தான்.

ரொதோந்தாவுக்கு வடகிழக்கே சிறிது தூரத்தில், துருக்கித் துணைத் தூதரக வளாகத்துக்குள், நவீன துருக்கியை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க் 1881இல் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அடையாள அட்டை கையில் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி போதும்.

நாள் 3: எரிந்த ஊர்

இன்று அரிஸ்தோதெலூஸ் வீதியின் மேல்முனையில் தொடங்குகிறோம். எப்ரார் அங்கே அரசுக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு சதுக்கம் வரைந்திருந்தார். பணம் போதாமல் அது எழவில்லை. 1960-களில் நீதிமன்றம் கட்ட அங்கே தோண்டியபோது ரோமர் காலத்துச் சந்தைவெளி, அகோரா, வெளிப்பட்டது. நீதிமன்றம் வேறிடம் போய்விட்டது. இன்று அங்கே சிறிய அரங்கு, தூண்தளங்கள், நிலத்தடி வளைவுக்கூடம் எல்லாம் இருக்கின்றன. இதன் தூண்வரிசை ஒன்றில் இருபுறமும் சிற்பம் செதுக்கிய தூண்கள் நின்றன. மந்திரத்தால் கல்லானவர்கள் என்று ஸ்பானிய யூதர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1864இல் பிரெஞ்சுக்காரர் எமானுவேல் மில்லர் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனார். இப்போது பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை இந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மேலே ஒரு தெரு ஏறினால் ஆயியோஸ் திமித்ரியோஸ், ஊரின் காவல் புனிதர் தெமேத்ரியுவின் ஐந்து பகுதி பசிலிக்கா, அதாவது நீண்ட கூட வடிவத் தேவாலயம். 5ஆம் நூற்றாண்டில் எழுந்து, 7ஆம் நூற்றாண்டில் தீப்பிடித்துத் திரும்பக் கட்டப்பட்டு, 1493இல் மசூதியாகி, 1917இல் மறுபடி எரிந்தது. இன்று காண்பதில் பெரும்பகுதி அதன்பின் மீட்டுக் கட்டியது. 1949இல்தான் மறுபடி வழிபாடு தொடங்கியது. தப்பிய பழம்பொருள் குறைவு, ஆனால் அந்தக் குறைவே போதும். பலிபீடத்தை ஒட்டிய தூண்களின் மொசைக்குகளைத் தேடிப் பிடியுங்கள். ஒன்றில் தெமேத்ரியு நடுவில் நின்று, ஆயரையும் ஆளுநரையும் இரு தோளிலும் அணைத்திருக்கிறார். புனிதரின் தலைக்குப் பின்னால் வட்ட ஒளி; மற்ற இருவருக்கும் பின்னால் நாற்கட்டம். அது வரைந்தபோது அவர்கள் உயிரோடு இருந்தவர்கள் என்பதற்கான குறி.

பலிபீடத்துக்குக் கீழே நிலவறை. புனிதர் அடைத்து வைக்கப்பட்டதாக நம்பும் ரோமர் குளியலகத்தின் மிச்சம் அது. மசூதிக் காலத்தில் மூடப்பட்டு மறக்கப்பட்டிருந்ததை, 1917 தீக்குப் பிறகு நடந்த அகழாய்வுதான் வெளியே கொண்டுவந்தது. தேவாலயம் திறந்திருந்தாலும் நிலவறைக்குத் தனி நேரம், முன்னதாகவே பூட்டிவிடுகிறார்கள். ஆகவே உள்ளே போனதும் முதலில் அங்கே இறங்குங்கள். அக்டோபர் 26 திருநாளன்று கூட்டம் தெருவரை நிற்கும். ஊர் உஸ்மானியரிடமிருந்து கைமாறியதும் 1912இல் அதே நாளில்தான் என்பதால் ஊரே விடுமுறை.

தேவாலயங்களுக்கு ஒரு பொது விதி: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாட்டின்போது சுற்றிப் பார்ப்பது முறையல்ல. சிறிய கோயில்கள் பிற்பகலில் மூடி மாலையில் திறக்கும். எனவே காலையிலேயே வரிசையாக முடித்துவிடுங்கள். இந்த ஊரின் தொல்கிறித்தவ, பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுக் கால) சின்னங்கள் பதினைந்தையும் யுனெஸ்கோ 1988இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று கிளம்பினால் ஆறாவதிலேயே கண் மரத்துப்போகும். கீழே இறங்கும் வழியில் மூன்று மட்டும் போதும்.

முதலாவது அகிரோபியிதோஸ், 5ஆம் நூற்றாண்டு. பொதுவாக ஆளில்லாமல் அமைதியாக இருக்கும். இடப்பக்கத் தூண் வரிசையில் ஒரு தூணில் அரபு எழுத்தில் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது: சுல்தான் முராத் ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், ஊரைப் பிடித்தார் என்பது செய்தி. வெட்டியவர் தேவாலயத்தின் பளிங்கையே ஏடாக்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதை அழிக்கவுமில்லை. இரண்டாவது ஆயியா சோஃபியா, 8ஆம் நூற்றாண்டு. கும்மட்டத்தில் இயேசுவின் விண்ணேற்றம். கீழே சுற்றிலும் சீடர்கள், ஆலிவ் மரங்களுக்கிடையே அண்ணாந்தபடி. அதைவிடப் பலிபீட அரைவட்டத்தைக் கவனியுங்கள். மரியாளும் குழந்தையும் இருக்கும் இடத்தில், இருபுறமும் பொன்னில் ஒரு பழைய சிலுவையின் கைகள் மங்கலாகத் தெரியும். உருவங்கள் தடைசெய்யப்பட்ட காலத்தில் வெறும் சிலுவை இருந்தது. தடை நீங்கியதும் அதை எடுத்துவிட்டு மரியாளை வைத்தார்கள். ஒட்டுப்போட்ட தடம் அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது பனாயியா கல்கியோன், 1028இல் செங்கல்லாலேயே எழுப்பியது, கன்னார் தெருவின் பக்கத்தில். எதிர்மூலையில் இருக்கும் பே ஹமாம் 1444இல் சுல்தான் இரண்டாம் முராத் கட்டிய குளியலகம். 1968வரை மக்கள் அங்கே குளித்தார்கள்.

அப்படியே எக்னாதியாவுக்கு அடியில் இறங்குங்கள். 2006இல் தொடங்கிய மெட்ரோ வேலை 2024 நவம்பர் 30இல்தான் முடிந்து ஓட ஆரம்பித்தது: 9.6 கிலோமீட்டர், 13 நிலையங்கள், ஓட்டுநர் இல்லாத ரயில். தாமதத்துக்குப் பெருங்காரணம் வெனிசெலூ நிலையம். தோண்டிய இடத்தில் பளிங்கு பாவிய பைசாந்தியப் பெருந்தெருவும் அதன் கடைகளும் அப்படியே கிடந்தன. கழற்றி எடுப்பதா, இருக்கும் இடத்திலேயே விட்டுக் கீழே கட்டுவதா என்று நீதிமன்றம்வரை வழக்குப் போனது. கடைசியில் கழற்றி, நிலையத்தைக் கட்டி, மீண்டும் கொண்டுவந்து வைத்தார்கள். இன்றைய எக்னாதியா போகும் திசையிலேயே அதற்கடியில் பழைய தெரு போவதை நிலையத்துக்குள் நின்று பார்க்கலாம். தொல்லியலாளர்கள் பலர் கழற்றியதை இன்றும் ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கபானி சந்தையும் மோதியானோ சந்தையும். மோதியானோ 1920-களில் எலி மோதியானோ கட்டிய கண்ணாடிக்கூரைக் கூடம். 2022இல் புதுப்பித்துத் திறந்தார்கள். அழகாக இருக்கிறது, விலை கூடுதல். மீன், ஆலிவ், மசாலா வாங்கவும் ஊரின் சத்தம் கேட்கவும் கபானிதான் சரி. காலை உணவுக்குப் பூகாட்சா. கையால் வீசி வீசிக் கண்ணாடிபோல மெல்லிதாக்கிய மாவு, உள்ளே ரவைக் கஸ்டர்டோ பாலாடைக்கட்டியோ கீரையோ. கஸ்டர்டு வகைக்குச் சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவித் துண்டு துண்டாக வெட்டித் தருவார்கள். காலை பதினொன்றுக்குள் போங்கள். நேரம் ஆக ஆக மேல் மாவு நமத்துவிடும். சைவக்காரர்கள் "கிமா" என்று சொன்னால் விலகிக்கொள்ளுங்கள், அது கொத்துக்கறி. "நிஸ்திசிமோ" என்றால் நோன்பு உணவு: பால், முட்டை, இறைச்சி இருக்காது, ஆனால் இறால், கணவாய் இருக்கலாம். அதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நாள் 4: எரியாத ஊர்

ஆனோ போலி, மேல் ஊர். கீழிருந்து நடந்து ஏறாதீர்கள். ஏற்றம் கடுமையானது, நிழல் குறைவு, கோடையில் பத்து மணிக்கே மூச்சு வாங்கும். எலெஃப்தெரியாஸ் சதுக்கத்திலிருந்து 23ஆம் எண் பேருந்தில் மேலே போய் இறங்கி, கீழ்நோக்கி நடப்பதே முறை. சின்னப் பேருந்து, குறுகிய திருப்பங்கள், காலையில் இடம் கிடைக்கும். டிக்கெட்டைக் கருவியில் சரிபார்க்க மறந்தால் அபராதம். ரப்பர் அடியுள்ள செருப்போ காலணியோ அவசியம்; தேய்ந்த கற்பாதை மழை பெய்தால் வழுக்கும்.

உச்சியில் எப்தபீர்கியோ கோட்டை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1989வரை சிறை. துருக்கிப் பெயரான யெதி குலே என்ற பெயரில் ரெம்பெதிகோ என்னும் கிரேக்க நகர்ப்புறப் பாடல்களில் ஓயாமல் வரும் சிறை இதுதான். உள்ளே சிறைக்கூடங்களும் முற்றத்தைப் பிரிக்கும் சுவர்களும் அப்படியே. அதிலிருந்து மதிலோரமாகவே இறங்கி வந்தால் திரிகோனியோன் கோபுரம். மதில் பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 5ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தது. கல் சில வரிசை, செங்கல் சில வரிசை என்று பட்டை பட்டையாகக் கட்டியிருப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மொத்தம் எட்டு கிலோமீட்டர் இருந்ததில் பாதியளவு நிற்கிறது. கடலோர மதிலை 1869 முதல் உஸ்மானிய நிர்வாகமே இடித்து, அந்த இடத்தில் கடற்கரைச் சாலை போட்டது.

சூரியன் மறையும் நேரத்தில் திரிகோனியோனில் நிற்க இடம் கிடைக்காது. அதே காட்சி சற்றுக் கீழே வ்லதாதோன் மடத்துத் தோட்டத்திலிருந்தும் கிடைக்கும், மயில்களும் உண்டு. மடம் 14ஆம் நூற்றாண்டு. வாசல் மூடும் நேரத்தைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிலோடு முதுகு ஒட்டிக் கட்டிய குட்டி வீடுகளைக் கவனியுங்கள். கிரேக்கமும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்றத்தில் முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆசியா மைனரிலிருந்து கிரேக்க அகதிகள் வந்து குவிந்தார்கள். மேல் ஊரின் துருக்கி வீடுகள் நிரம்பிவிட, பின்னால் வந்தவர்கள் மதிலையே நான்காவது சுவராக வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். கஸ்திரோப்லிக்தா என்று அவற்றுக்குப் பெயர். மாடி தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் பெரிய வீடுகள் அதற்கு முந்தைய காலத்தவை.

இந்த ஊரில் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் நாங்கள் ஓசியோஸ் தாவித் கோயிலுக்கு அனுப்புவோம். வ்லதாதோனுக்குக் கீழே சந்துக்குள் சந்து. பெயர்ப்பலகை சிறியது, இருமுறை கடந்து போவது சகஜம். பாதி இடிந்துபோன மிகச் சிறிய கட்டடம். அரைவட்டச் சுவரில் 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மொசைக். உஸ்மானியர் காலத்தில் பூச்சுக்கடியில் மறைந்திருந்து 1921இல் வெளிவந்தது. தாடி இல்லாத இளைஞராக இயேசு வானவில்லின் மேல் அமர்ந்திருக்கிறார். ஒளிவட்டத்தின் விளிம்பிலிருந்து தேவதூதன், கழுகு, சிங்கம், காளை வெளிப்படுகின்றன. காலடியிலிருந்து நான்கு ஆறுகள் பாய்கின்றன. அவை சேரும் நீரில் மீன்கள், நடுவே அரைகுறையாகத் தெரியும் ஆற்றுத் தேவன், பழைய மதத்தின் உருவம் கிறித்தவக் காட்சிக்குள். இடப்புறம் நிற்கும் தீர்க்கதரிசி எசேக்கியேல் குனிந்து, கைகளை முகத்தருகே உயர்த்தி, பார்த்ததைத் தாங்க முடியாமல் திகைக்கிறார். வலப்புறம் இருப்பவர் மடியில் ஏட்டுடன் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். ஒரே காட்சியைக் கண்ட இரண்டு மனங்கள். காலையில் போங்கள், பிற்பகலில் பூட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். படம் எடுக்குமுன் அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

அங்கிருந்து இறங்கினால் ஒலிம்பியாடோஸ் தெரு, தீ தொடங்கிய கோடு. தெம்பிருந்தால் கிழக்கே திரும்பி நிகோலாஸ் ஓர்ஃபனோஸ் கோயிலுக்கும் போகலாம். 1310-20ஐச் சேர்ந்த சுவரோவியங்கள் அநேகமாக முழுதாக இருக்கின்றன.

நாள் 5: அருங்காட்சியகங்கள், யூதர் ஊர், துறைமுகம்

தொல்லியல் அருங்காட்சியகமும் பைசாந்தியப் பண்பாட்டு அருங்காட்சியகமும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஜனவரி 1, மார்ச் 25, ஆர்த்தோடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறு, மே 1, டிசம்பர் 25, 26 நாட்களில் அரசுக் காட்சியகங்கள் மூடியிருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

தொல்லியல் காட்சியகத்தில், தெர்வேனி என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த ஜாடியிடம் நேரே போங்கள். பொன் போல மின்னும், ஆனால் பொன் துளியும் இல்லை. வெண்கலத்தில் தகரம் அதிகம் சேர்த்ததால் வந்த நிறம். கி.மு. 4ஆம் நூற்றாண்டு, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம். மதுக் கடவுள் டயோனிசஸ் தன் காலை மனைவி அரியாட்னியின் மடியில் போட்டுச் சாய்ந்திருக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சுற்றிப் போய்ப் பின்பக்கம் ஆடும் பெண்களையும் பாருங்கள். தகடு அங்கே எவ்வளவு துணிச்சலாகத் தட்டி எழுப்பப்பட்டிருக்கிறது என்பது பக்கவாட்டிலிருந்து தெரியும். உள்ளே இருந்தது எரித்த எலும்பு. அதே இடத்தில், சிதையின் மிச்சத்தில் கிடைத்த கரிந்த பப்பிரஸ் சுருளும் இங்கே இருக்கிறது. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. கரிந்ததால்தான் ஈரத்தில் அழுகாமல் பிழைத்தது.

மதியத்துக்கு மேல் மேற்கே. 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் இங்கே வந்து, நூற்றாண்டுகள் இந்த ஊரின் மிகப் பெரிய சமூகமாக வாழ்ந்தார்கள். துறைமுகச் சுமையாட்களில் பெரும்பாலோர் அவர்களே; சனிக்கிழமை துறைமுகம் ஓயும். 1917 தீயில் அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். 1942 ஜூலை 11 அன்று எலெஃப்தெரியாஸ் சதுக்கத்தில் சுமார் 9,000 யூத ஆண்களை ஜெர்மானியர்கள் வெயிலில் நிறுத்தி அவமானப்படுத்தினார்கள். அதே ஆண்டு அவர்களுடைய பெரிய இடுகாடு தகர்க்கப்பட்டது. இன்று அந்த நிலத்தின்மேல் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம். 1943 மார்ச் 15 முதல் ரயில்கள் ஆஷ்விட்ஸுக்குக் கிளம்பின. 45,000க்கு மேற்பட்டோர் போனார்கள், மிகச் சிலரே திரும்பினார்கள். ஆயியூ மினா தெருவின் யூத அருங்காட்சியகம், தீக்குத் தப்பிய 1904 ஆண்டுக் கட்டடத்தில் இருக்கிறது. தரைத்தளத்தில் அந்த இடுகாட்டின் கல்லறைக் கற்கள். சனிக்கிழமை விடுமுறை.

துறைமுகத்தின் முதல் மேடையில் பழைய கிடங்குகளுக்குள் ஒளிப்பட அருங்காட்சியகமும் திரைப்பட அருங்காட்சியகமும். நவம்பரில் திரைப்பட விழா நடக்கும் நாட்களில் விடுதி கிடைப்பது சிரமம். செப்டம்பரில் சர்வதேசப் பொருட்காட்சியின்போதும் அப்படியே. பக்கத்து லதாதிகா பழைய எண்ணெய்க் கிடங்குத் தெரு, இப்போது உணவகங்கள். ஏழு மணிக்குப் போனால் காலியாக இருக்கும், ஒன்பதுக்கு மேல்தான் ஊர் சாப்பிட உட்காரும்.

இந்தியர்களுக்கு இன்னோர் இடம் உண்டு. முதல் உலகப் போரில் 1915 முதல் 1918 வரை இங்கே நேசநாட்டுப் படைகள் முகாமிட்டிருந்தன. இந்தியப் படைப்பிரிவினரும் இருந்தார்கள். இங்கே இறந்தவர்களுக்கு ஊரின் மேற்குப் பக்கம், மொனாஸ்திர் சாலையில் இந்தியக் கல்லறைத் தோட்டமும், எரியூட்டப்பட்டவர்களுக்கான நினைவுச்சின்னமும் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. சுற்றுலாப் பாதையில் இல்லாத இடம். டாக்சியில் போவது எளிது, ஓட்டுநருக்கு வரைபடத்தில் காட்டினால்தான் தெரியும்.

ஊர் திரும்ப: விமான நிலையத்துக்கு மெட்ரோ போகாது. 01எக்ஸ் பேருந்து மாக்கெதோனியா பேருந்து நிலையத்தில் கிளம்பி ரயில் நிலையம், நகர மையம் வழியாகப் போகும், நள்ளிரவுக்குமேல் 01என். மாலை நெரிசலில் எக்னாதியா நகராது, ஆகவே ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.